பந்து வளையாத ஞாயிற்றுக்கிழமை

நேராக வருவதாகத் தோன்றிய கிரிக்கெட் பந்து, மட்டையை நெருங்கும்போது சட்டென்று விலகி ஸ்டம்பைச் சாய்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரையில் பட்டுத் திரும்புவதை நான் சொல்லவில்லை. காற்றிலேயே வளைவதைச் சொல்கிறேன். இதை 'ஸ்விங்' என்பார்கள். பந்து ஏன் வளைகிறது? இந்தக் கேள்விக்குத் தவறான விடையை நம்பியதால், எங்கள் குழு ஒரு நல்ல பந்து வீச்சாளரை இழந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் நான் கோவையில் ஒரு சிறிய கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் ஆட்டம். புல் ஆடுகளம் எங்களுக்கு எட்டாக்கனி. கெட்டித் தரையில் தேங்காய் நார் விரிப்பை இழுத்துப் பிடித்து, ஓரங்களில் ஆணி அடிப்போம், அதுதான் ஆடுகளம். விரிப்பை இளக்காரமாக எண்ணிவிடாதீர்கள். 1952-இல் லக்னோவில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் டெஸ்ட் பந்தயமே சணல் விரிப்பின்மீதுதான் ஆடப்பட்டது. அதில் பாகிஸ்தானின் பசல் மகமூது 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார்! எங்கள் மைதானத்தின் மற்றப் பகுதியெல்லாம் சரளைக்கல் கலந்த செம்மண்.

எங்கள் வேகப் பந்து வீச்சாளர் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. சனி இரவு ஷிப்ட் முடித்து, நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார். நாங்கள் அவரை 'அண்ணா' என்றே அழைப்போம்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசியது. வானம் மூடியிருந்தது. அன்று அண்ணா வீசிய பந்துகள் வில்லாய் வளைந்தன. எதிரணி சுருண்டது. அணியில் இடம் கிடைக்காத நான், ஓரத்தில் அமர்ந்து கைதட்டினேன்.

அடுத்த ஞாயிறும் அதே மைதானம், அதே விரிப்பு, அதே மேகம். எங்கள் தலைவர் வானத்தைப் பார்த்தார். "ஈரக் காத்து, கனமா இருக்கும் கண்ணு. பந்து தானா வளையும் பாரு" என்றார். டாஸில் வென்று பந்து வீசத் தீர்மானித்தார். முதல் இரண்டு ஓவர்கள் பந்து வளைந்தது. அதன்பின் வளையவே இல்லை! பந்துகள் எல்லைக்கோட்டுக்குப் பறந்தன. தோற்றோம். "ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு வந்தா இப்படித்தான்" என்று எல்லோரும் அண்ணாவைக் குறை சொன்னோம். அடுத்த பந்தயத்தில் அவருக்கு இடமில்லை. சில வாரங்களில் அவர் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

உண்மையில் நடந்தது என்ன?

கிரிக்கெட் பந்தின் நடுவே தையல் புடைத்து நிற்கிறது அல்லவா? பந்து பறக்கும்போது அதன் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று செல்லும். இதை 'எல்லைப் படலம்' என்பர். ஜெர்மானிய அறிஞர் பிராண்டில் 1904-இல் இக்கருத்தை வெளியிட்டார். தையலைச் சற்றுச் சாய்த்து வீசினால், ஒரு பக்கத்துப் படலம் தையலில் இடறிக் கொந்தளிப்பாகிறது. பளபளப்பான மறுபக்கத்தில் அது சீராகவே ஓடுகிறது. கொந்தளிப்பான படலம் பந்தை நெடுநேரம் ஒட்டிச் செல்லும். சீரான படலமோ விரைவில் விலகிவிடும். இதனால் பந்தின் பின்னால் செல்லும் காற்று பளபளப்பான பக்கம் தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, பந்து எதிர்ப்பக்கம், அதாவது தையல் காட்டும் திசையில், தள்ளப்படுகிறது.

இந்த விசை எவ்வளவு இருக்கும்? ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 18 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.6 வினாடி ஆகும். அதற்குள் அது 60 சென்டிமீட்டர் விலகுகிறது என்று கொள்வோம். s = ½at² என்ற சமன்பாட்டின்படி முடுக்கம் சுமார் 3.3 மீ/வி². பந்தின் நிறை ஏறக்குறைய 160 கிராம். ஆகவே விசை 0.53 நியூட்டன், பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு! இன்னொன்றையும் கவனியுங்கள். விலகல் நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், முதல் 0.3 வினாடியில் பந்து 15 சென்டிமீட்டர்தான் விலகும். மீதி 45 சென்டிமீட்டரும் பிற்பாதியில்! மட்டையாளர் ஏமாறும் இரகசியம் இதுதான்.

ஈரக் காற்று கனமானது என்றாரே எங்கள் தலைவர், அது சரியா? நீராவியின் மூலக்கூறு எடை 18. உலர்ந்த காற்றின் சராசரி 29. ஆகவே ஈரக் காற்று இலேசானது! 30 டிகிரி வெப்பத்தில், ஈரம் நிறைந்த காற்றின் அடர்த்தி உலர்ந்த காற்றைவிட ஏறக்குறைய 1.5 சதவீதம் குறைவு. 1980-களில் காற்றுச் சுரங்கங்களில் பந்துகளை வைத்துச் சோதித்த ஆய்வாளர்கள், ஈரப்பதத்தால் ஸ்விங்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை.

அப்படியானால் இரண்டு ஞாயிறுகளுக்கும் இடையே என்னதான் வேறுபாடு? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வேறுபாடு நான்தான்!

முதல் ஞாயிறு எல்லைக்கோட்டில் நின்றவர் பலசாலி. தரை தொடாமல் விக்கெட் கீப்பர் கைக்கே பந்தை எறிவார். மறுவாரம் அவர் ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போய்விட, அவரிடத்தில் நான் நின்றேன். எனக்கோ கையில் வலுவில்லை. ஒவ்வொரு முறையும் பந்தைச் சரளையில் குத்தவிட்டுத்தான் எறிந்தேன். பளபளப்பான பக்கமும் சொரசொரப்பாகிவிட்டது. இரு பக்கமும் சொரசொரப்பானால் இரு பக்கமும் கொந்தளிப்புத்தான். பிறகு பக்கவாட்டு விசை எங்கிருந்து வரும்?

முதுகலை வகுப்பில் எல்லைப் படலத்தைப் படித்த அன்றுதான் எனக்கு இது உறைத்தது. என் எறிதல்தான் முழுக் காரணம் என்று இன்றும் அடித்துக் கூற மாட்டேன். இரண்டு ஆட்டங்களை வைத்து முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது. ஆனால் ஒன்று நிச்சயம். அதே மேகத்தின் கீழ் ஒரு வாரம் பந்து வளைந்தது, மறுவாரம் வளையவில்லை என்றபோது, நாங்கள் மேகத்தைப் பற்றிய நம்பிக்கையைச் சந்தேகித்திருக்க வேண்டும். மாறாக, மனிதரைச் சந்தேகித்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் அண்ணாவைச் சந்தித்தபோது இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, மேலாலயே எறியச் சொல்லியிருப்பனுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். டென்னிஸ் பந்து ஒன்று போதும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி, பின்பு தோல் பந்துக்கு மாறி, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகக் களமிறங்கியவர் அல்லவா! பந்தின் ஒரு பாதியில் மட்டும் மின்கம்பிக்குச் சுற்றும் வழவழப்பான டேப்பை ஒட்டுங்கள். காற்றில்லாத இடத்தில் தரையில் ஒரு நேர்க்கோடு வரையுங்கள். டேப் இடப்பக்கம் இருக்கும்படி 10 முறை, வலப்பக்கம் இருக்கும்படி 10 முறை, டேப் இல்லாத பந்தை 10 முறை வீசுங்கள். பந்து விழுந்த இடம் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று நண்பர் ஒருவர் அளந்து எழுதட்டும். எந்தப் பக்கம் வளையும்? விடையை நான் சொல்லப் போவதில்லை; உங்கள் அட்டவணை சொல்லட்டும்.

அந்த அட்டவணை நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தால், பந்து வீசிய நண்பரைக் கோபிக்காதீர்கள். முதலில் உங்கள் எதிர்பார்ப்பைச் சோதியுங்கள்.