ஏர்பஸ் ஏ320-ஆ, போயிங் 737-ஆ? புதிய விமானிகள் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: வணிக விமானி உரிமம் பெற்றவர் பயணிகள் ஜெட் விமானத்தை உடனடியாக இயக்கிவிட முடியாது. குறிப்பிட்ட விமான வகைக்கான 'டைப் ரேட்டிங்' தகுதியையும் பெற வேண்டும். சிமுலேட்டரில் அளிக்கப்படும் இப்பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும்.

இண்டிகோ, ஏர் இந்தியா ஆகியவற்றின் ஒற்றை நடைபாதை ஜெட் விமானங்கள் பெரும்பாலும் ஏ320 குடும்பத்தைச் சேர்ந்தவை. இத்தகுதி பெற்றவர் ஏ319, ஏ321 விமானங்களையும் இயக்கலாம். ஆகாசா ஏர் போயிங் 737 மேக்ஸ் விமானங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிடம் இரு வகைகளும் உள்ளன. இண்டிகோ 2023 ஜூனில் ஏ320 குடும்பத்தில் 500 விமானங்களுக்கும், ஆகாசா இதுவரை 226 மேக்ஸ் விமானங்களுக்கும் ஆர்டர் அளித்துள்ளன.

எனினும், ஆர்டர் எண்ணிக்கை வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் சேவையை நிறுத்தியபோது 737 விமானிகளும், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது ஏ320 விமானிகளும் வேலை தேடினர். அனுபவம் மிக்க அவர்களுடன் புதியவர்கள் போட்டியிட நேர்ந்தது. மேலும், பறக்காமல் காத்திருந்தால் தகுதி காலாவதியாகி, மீண்டும் தேர்வும் செலவும் ஏற்படும்.

எனவே, பணம் செலுத்தும் முன் மூன்று விவரங்களை உறுதி செய்வது அவசியம். எந்த நிறுவனம் தற்போது ஆள் எடுக்கிறது? அந்த வகையில் பறந்த அனுபவம் இல்லாதவரை அது ஏற்குமா? பயிற்சி மையத்துக்கு டிஜிசிஏ அங்கீகாரம் உள்ளதா? டைப் ரேட்டிங்கையும் உள்ளடக்கிய கேடட் திட்டங்களைச் சில நிறுவனங்கள் நடத்துகின்றன. வேலை உறுதியான பின் தகுதி பெறுவதே இழப்பைத் தவிர்க்கும் வழி.