ஒரு நகரின் தண்ணீரும் இரு நூல்களும்

அரசன் கட்டியவற்றைப் பற்றி அவன் காலத்துப் புலவன் எழுதியதை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? கொன்ஸ்தாந்திநோபிள் மாநகரின் தண்ணீர்க் கதையைப் படிக்குந்தோறும் இவ்வினா என்னுள் எழுவதுண்டு.

மூன்று புறமும் கடல் சூழ்ந்த அந்நகருக்குக் குடிநீர் தொலைவிலுள்ள மலைகளிலிருந்து கால்வாய் வழியே வரவேண்டும். கி. பி. 527 முதல் 565 வரை அங்கு ஆண்ட ஜஸ்டினியன் கட்டிடப் பித்துடையவன். 532ஆம் ஆண்டுக் கலகத்திலே தீக்கிரையான தேவாலயத்தின் இடத்தில், ஐந்தே ஆண்டுகளில் புகழ்பெற்ற சோபியா ஆலயத்தை எழுப்பினான். அக்காலத்து ஆசிரியரான புரொக்கோப்பியஸ், 'கட்டிடங்கள்' என்னும் நூலில் அவனுடைய பணிகளையெல்லாம் வாயாரப் போற்றுகிறார். கோடையில் நகரம் தண்ணீரின்றி வாடியதாம். வழக்கறிஞர் கூடும் முற்றத்தை அரசன் ஆழத் தோண்டி, மற்றைக் காலங்களில் வீணாகும் நீரைத் தேக்கி வைத்தானாம்.

இதே ஆசிரியர் மறைவாக இன்னொரு நூலும் எழுதினார். வத்திக்கான் நூலகத்துச் சுவடியிலிருந்து அது 1623இல்தான் அச்சேறியது. கால்வாய் பழுதுற்றுச் சிறிதளவு நீரே வந்தது, ஊற்றுத் தொட்டிகளருகே மக்கள் மனம் வெதும்பிக் கூடினர், குளிப்பகங்கள் அடைபட்டன, அரசனோ கடலோரக் கட்டிடங்களிற் பணத்தைக் கொட்டிவிட்டு இதற்கு ஒரு காசும் கொடுத்திலன் என்று அதிலே குமுறுகிறார்.

முன்னே ஒன்று, பின்னே ஒன்று பேசிய இவரைப் பொய்யர் என்று தள்ளுவோர் உளர். நான் அவ்வாறு தள்ளேன். குளம் வெட்டியவனுக்குப் பெயர் உண்டு. வாய்க்கால் உடைப்பை அடைத்தவனுக்கு ஏது பெயர்? இரண்டு நூலும் ஒரே அரசனைத்தான் காட்டுகின்றன என்பது என் எண்ணம்.

அந்த நிலத்தடித் தேக்கம் இஸ்தான்புல் நகரில் இன்றும் உண்டு. நீளம் ஏறக்குறைய 138 மீற்றர், அகலம் 65 மீற்றர். தாங்கி நிற்பவை 336 தூண்கள். அவற்றுட் பல பழைய கட்டிடங்களிலிருந்து கொணர்ந்தவை. இரண்டு தூண்களின் அடியிலே பாம்புக் கூந்தல் மெடூசாவின் கற்றலைகள், ஒன்று தலைகீழாகவும் மற்றது பக்கவாட்டிலும் கிடக்கின்றன. நீருக்குள் மூழ்கும் கல்லுக்கு நேராக நிற்பானேன் என்று கொத்தர் கருதினர் போலும்!

1540களில் கில்லியஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதைத் தேடியலைந்தார். தற்செயலாக ஒரு வீட்டினுள்ளே இறங்குவழி கண்டார்; வீட்டுக்காரர் தீப்பந்தங் கொளுத்தி, சிறு படகிலேற்றித் தூண்களிடையே அவரைக் கொண்டு சென்றார். மேலே குடியிருந்தோரோ கீழே இப்படியொன்று இருப்பதை அறியாமலே, நாள்தோறும் தங்கள் கிணறுகளில் அந்நீரையே மொண்டு வந்தனர்.