நினைவின் வயல் – 17: தண்ணீருக்குள் ஒளிந்த மேடை

போன கிழமை வல்லாரையோடு நிறுத்தியிருந்தேன். திருநெல்வேலிச் சந்தையில் அதே கீரைக் குவியலுக்கு முன்னால் ஒரு தாய், "ஆச்சி, ரெண்டு பிடி தாங்கோ, மூத்தவளுக்கு ஏ.எல். சோதினை கிட்டுது" என்று வாங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "கனடாவிலயிருந்து தம்பி சொல்லுறான், டைஹெக்ஸா எண்டு ஒண்டாம். மூளைக்கலம் வளருமாம். உண்மையே சேர்?" என்றார்.

சந்தையில் நின்று சொல்லி முடிகிற கதையில்லை.

டைஹெக்ஸாவின் கதை பெப்டைட்டில் தொடங்குகிறது. அமினோ அமில மணிகளைக் கோத்த சிறு மாலைதான் பெப்டைட், நீண்டால் புரதம். நரம்புக்கலங்களைத் தளிர்க்கச் செய்யும் பிடிஎன்எஃப் என்னும் புரதத்தை 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதையே மருந்தாக விழுங்கினால் வயிறு பருப்புக்கறியைப் போலச் செமித்துவிடும். ஊசியில் ஏற்றினாலோ, குருதிக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு உள்ளே விடாது. ஆகவே இரண்டுக்கும் தப்பக்கூடிய குட்டி மாலைகளைத் தேடினார்கள்.

பிரஷருக்கு லொசாட்டன் குளிசை போடுகிறவர்களுக்கு ஆஞ்சியோடென்சின் என்னும் பெப்டைட் பழைய பகையாளி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஹார்டிங் குழுவினர் அதன் துண்டொன்றை நறுக்கி நறுக்கி, இரண்டே அமினோ அமிலம் மிஞ்சவிட்டு, இரு முனையிலும் ஆறு காபன் கொண்ட வால் ஒட்டினார்கள். இரண்டு ஆறு: டைஹெக்ஸா.

மறதி வரும்படி ஸ்கோபொலமைன் கொடுத்த எலிகளை ஒரு வட்டத் தொட்டியில் நீந்தவிட்டார்கள். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. டைஹெக்ஸா பெற்ற எலிகள் அது இருந்த இடத்தை மறக்கவில்லை. பிடிஎன்எஃபை விட ஒரு கோடி மடங்கு வலியது என்ற செய்தியும் 2012இல் வந்தது. அந்த ஒரு கோடி, ஆய்வுக்கூடக் கோப்பைக்குள் செறிவை ஒப்பிட்ட கணக்கு. விற்கிறவர்கள் அதை மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்வதில்லை. டைஹெக்ஸா தூண்டுவதாகச் சொல்லப்பட்ட சி-மெட் என்னும் ஏற்பி, பல புற்றுநோய்களில் கட்டி வளரவும் துணைபோவது.

இந்த ஆய்விலிருந்து அதிரா என்ற கம்பனி பிறந்தது. மாணவியாக இருந்தபோது ஆய்வுப் படங்களில் மாற்றம் செய்தார் என்று தெரியவந்ததால் 2021இல் அதன் தலைவி விலகினார். அதே வழியில் வந்த ஃபொஸ்கோனிமெட்டன் என்ற மருந்து அல்சைமர் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் தோற்றது. எலி கண்ட மேடை மனிதருக்கு அகப்படவில்லை.

"தம்பியிட்டச் சொல்லுங்கோ, அனுப்ப வேண்டாமெண்டு" என்றேன். "அப்ப வல்லாரை?" என்றார். அதன் சாற்றையும் பெரும்பாலும் எலிகளில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுத் தேசிக்காய் பிழிந்த சம்பலுக்கு ஆய்வு எதற்கு?

இந்த அமினோ அமில மணிமாலைகள் எந்தெந்தக் கோணத்தில் மடியலாம் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படம் போட்டுக் காட்டிய ஜி.என். ராமச்சந்திரனிடம் அடுத்த கிழமை போவோம்.

(தொடரும்)