சளி எடுக்க வெளியே அனுப்புவது ஏன்?

சளிப் பரிசோதனைக்கு வருவோரைக் கட்டடத்துக்கு வெளியே, திறந்த வெளிக்கு அனுப்புகிறோம். இதைச் சிலர் அவமதிப்பாகக் கருதி மனம் வருந்துகின்றனர். "உள்ளேயே ஓர் ஓரமாக எடுத்துக் கொடுக்கக் கூடாதா?" என்று உடன் வந்தோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது தெறிக்கும் நுண்திவலைகள் விரைவில் உலர்ந்து, 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துகள்களாகின்றன. இவை தரையில் படியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். மூடிய அறையில், இருமியவர் சென்ற பின்னும் அபாயம் தங்கிவிடுகிறது. தட்டு, டம்ளர், போர்வை ஆகியவற்றால் இந்நோய் பரவுவதில்லை. வீட்டில் பாத்திரத்தைப் பிரித்து வைப்பதால் நோயாளியின் மனம் புண்படுவதன்றி வேறு பயனில்லை.

மருத்துவமனையில் நாங்களே இருமலைத் தூண்டும் வேளைகள் உண்டு. சளி வராதவர்களுக்கு உப்புநீரை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கக் கொடுக்கிறோம். மூச்சுக்குழாயினுள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியின்போதும் இருமல் எழும். வெளியில் காற்றும் வெயிலும் செலவின்றிச் செய்யும் வேலையை அறைக்குள் காற்றோட்ட அமைப்பு செய்தாக வேண்டும். அறைக்காற்று மணிக்கு 12 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு நீங்க ஏறத்தாழ 23 நிமிடங்கள் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடங்கள். ஒருவருக்குப் பிராங்கோஸ்கோபி முடிந்ததும் அடுத்தவரை உடனே அழைக்காததும், காசநோய் ஐயமுள்ளவரை அன்றைய பட்டியலின் இறுதியில் வைப்பதும் இதனாலேயே. கருவியை ஒவ்வொரு முறையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்கிறோம். ஆனால் அறைக்காற்றைக் கழுவ இயலாது, மாற்றத்தான் வேண்டும்.

நோயாளிக்குச் சாதாரண முகக்கவசமும் எங்களுக்கு என்-95 கவசமும் ஏன் என்ற மனக்குறையும் உண்டு. இரண்டின் பணி வேறு. முன்னது திவலைகளைப் புறப்படும் இடத்திலேயே தடுக்கிறது. பின்னது மிதக்கும் துகள்களை வடிகட்டுகிறது. வால்வு உள்ள கவசத்தை இருமுபவர் அணியலாகாது. மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறிவிடும்.

உண்மையில் எங்களுக்குக் கவலை தருபவர், நோய் கண்டறியப்பட்டு முறையாக மருந்து உண்பவர் அல்லர். நோய் இருப்பதே தெரியாமல் காத்திருப்போர் கூடத்தில் இருமிக்கொண்டிருப்பவர். சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வொன்று, வீட்டிலிருந்தே மருந்து உண்டோரையும் சானடோரியத்தில் தங்கியோரையும் ஒப்பிட்டது. வீட்டில் இருந்தோரின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை. கிருமியைக் கொல்லும் சரியான மருந்து தொடங்கியதும் தொற்றும் திறன் விரைந்து குறைகிறது. மருந்தை எதிர்க்கும் கிருமியாயின், அதற்குரிய மருந்து கிடைக்கும்வரை தொற்று நீடிக்கும். பரிசோதனை முடிவை விரைந்து பெற முனைவது இதற்காகத்தான்.

ஆகவே, இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தாலோ, முன்பு காசநோய்க்கு மருந்து உண்டிருந்தாலோ, எண்டோஸ்கோபி, அறுவை சிகிச்சை, பல் சிகிச்சை என எதற்கு வந்தாலும் பதிவு செய்யும் இடத்திலேயே கூறிவிடுங்கள். கூறுவதால் சிகிச்சை மறுக்கப்படாது. நேரமும் அறையுமே மாறலாம். பரிசோதனைக்கு வரும்போது குழந்தைகளை வீட்டில் விட்டு வருவது நல்லது. காத்திருக்கும் கூடத்தின் ஜன்னல்களை மூடாதீர்கள். சாரல் அடித்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். வேறு இருக்கை தருவார்.