கோடு காட்டினால் போதுமா?

மேடையிலே ஒருவர் எழுந்து, "புள்ளி விவரம் கூறுகிறது" என்று தொடங்கினால், கூட்டம் அடங்கிவிடுகிறது. கையிலே ஒரு தாளை விரித்து, ஏறி இறங்கும் கோடு ஒன்றையும் காட்டிவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்! எதிர்க்கேள்வி போட எழுந்தவரும், 'படித்தவர் போட்ட கணக்கு, நமக்கேன் வம்பு' என்று உட்கார்ந்துவிடுகிறார். ஆலை வாயிலிலே, சங்கக் கூட்டத்திலே, தேர்தல் களத்திலே இந்தக் காட்சியைக் காணாத தோழர் எவரும் இரார்.

கணக்கைக் கண்டு மிரளவும் வேண்டாம். கணக்கெல்லாம் புரட்டு என்று தள்ளிவிடவும் வேண்டாம். எண்ணியவர் எப்படி எண்ணினார், எதனோடு எதை ஒப்பிட்டார் என்று கேட்கத் தெரிந்தால் போதும். அதற்குப் பட்டம் தேவையில்லை. பல ஆயிரம் உயிர்கள் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இதை விளக்க விரும்புகிறோம்.

1848, 1849ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகரைக் காலரா தாக்கிற்று. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் பிணமானார். காரணம் என்ன? கெட்ட காற்று என்றனர் பெரிய மருத்துவர்கள். குப்பையும் சாக்கடையும் அழுகி எழுகிற நாற்றமே நோயைப் பரப்புகிறது என்பது அன்றைய அறிஞர்களின் முடிவு.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வில்லியம் ஃபார் என்ற புள்ளி விவர வல்லுநர் இருந்தார். சாவுகளை எண்ணினார். வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தார். தேம்சு ஆற்றின் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் அந்த வட்டாரம் இருக்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்தினார். 20 அடிக்கும் தாழ்ந்த இடத்தில், பத்தாயிரம் பேருக்கு 102 சாவு. 20 முதல் 40 அடி வரை, 65. 40 முதல் 60 அடி வரை, 34. மேலே போகப் போகச் சாவு குறைகிறது! கோடாக வரைந்தால், படிக்கட்டில் இறங்குவது போல் அழகாக இறங்குகிறது. பள்ளத்தில் கெட்ட காற்று தேங்குகிறது, மேட்டில் கலைந்துவிடுகிறது. ஆகவே காற்றுதான் காரணம் என்றார் ஃபார்.

எண்ணிலே பிழையில்லை. கோட்டிலே பிழையில்லை. ஆனால் முடிவு தவறு!

எப்படி? பள்ளத்தில் இருப்பவருக்குக் கெட்ட காற்று மட்டுமா பக்கத்தில் இருந்தது? ஆறும் பக்கத்தில் இருந்தது. ஊர்ச் சாக்கடை அத்தனையும் கலந்த அந்த ஆற்று நீரைத்தான் பலர் குடித்தனர். காற்று என்றாலும் அந்தக் கோடு பொருந்தும். தண்ணீர் என்றாலும் அதே கோடு பொருந்தும். இரண்டு பொருள் சேர்ந்தே குறைகின்றன என்று காட்டும் படம், ஒன்றால்தான் மற்றது குறைகிறது என்று மெய்ப்பித்ததாகாது.

தண்ணீரே காரணம் என்று 1849லேயே எழுதியவர் ஜான் ஸ்நோ. யார்க் நகரில் 1813ஆம் ஆண்டில், ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து மருத்துவரானவர். சொன்னார், உலகம் கேட்கவில்லை. அதனால் அவர் உரக்கக் கத்தினாரா? இல்லை. எது உண்மை என்று பிரித்துக் காட்டும் சோதனையைத் தேடினார்.

1854இல் அந்த வாய்ப்புக் கிட்டிற்று. தென் இலண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருக்களில் குழாய் பதித்திருந்தன. இந்த வீட்டுக்கு ஒரு கம்பெனித் தண்ணீர். அடுத்த வீட்டுக்கு மற்றதன் தண்ணீர். லாம்பெத் கம்பெனி, தண்ணீர் எடுக்கும் இடத்தை 1852இல் நகரச் சாக்கடை கலவாத மேல்பகுதிக்கு மாற்றிவிட்டது. சவுத்வார்க் - வாக்சால் கம்பெனியோ, சாக்கடை கலந்த பகுதியிலேயே எடுத்துக்கொண்டிருந்தது. ஏழையும் பணக்காரனும், ஆணும் பெண்ணும், கிழவரும் குழந்தையுமாக மூன்று இலட்சம் பேர், தாங்கள் அறியாமலே இரண்டு அணியாகப் பிரிந்து நின்றனர். காற்று ஒன்று, தெரு ஒன்று. தண்ணீர் மட்டுமே வேறு! ஆராய்ச்சி என்பதன் உயிரே இதுதான், தோழர்களே. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் மாறினால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது.

ஸ்நோ வீடு வீடாக நடந்தார். சாவு நடந்த வீட்டில், "எந்தக் கம்பெனித் தண்ணீர்?" என்று கேட்டார். பலருக்குத் தெரியவில்லை. தெரியாததை ஊகித்து எழுதினாரில்லை, தண்ணீரையே சோதித்தார். ஒரு கம்பெனித் தண்ணீரில் மற்றதைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு உப்பு இருந்தது. வெள்ளி நைட்ரேட்டைக் கலந்ததும் வேற்றுமை கண்ணுக்குத் தெரிந்தது.

கொள்ளை நோயின் முதல் ஏழு வாரக் கணக்கு இது: சவுத்வார்க் - வாக்சால் தண்ணீர் பெற்ற வீடுகள் 40,046, சாவு 1,263. லாம்பெத் தண்ணீர் பெற்ற வீடுகள் 26,107; சாவு 98. இலண்டனின் மற்ற வீடுகள் 2,56,423, சாவு 1,422.

சாவின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், மற்ற இலண்டன்தான் மோசம் என்று தோன்றும். 1,422 பெரிதா, 1,263 பெரிதா? ஆனால் எத்தனை வீட்டில் என்று கேளுங்கள்! பத்தாயிரம் வீட்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால், மற்ற இலண்டனில் ஏறத்தாழ 55. லாம்பெத் தண்ணீரில் 37. சவுத்வார்க் - வாக்சால் தண்ணீரில் 315! ஒரே தெருவில், ஒரே காற்றில், எட்டு மடங்குக்கும் மேல் சாவு. இதை மூன்று கட்டங்களாக வரைந்து வைத்தால், எழுத்தறியாதவரும் உண்மையைக் கண்டுகொள்வார். வரைபடத்தின் பெருமை அதுதான்.

அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இரவில், சோஹோ பகுதியில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. அந்தத் தெருவின் அடிகுழாய் மேல் ஸ்நோவுக்கு ஐயம். பதிவான சாவுகளில் 83ஐ எடுத்துக்கொண்டு விசாரித்தார். 73 பேர் அந்தக் குழாய்க்கு அருகில் இருந்தவர்கள். 10 பேர் வேறு குழாய்க்கு அருகில் இருந்தவர்கள். பத்துதானே என்று விட்டுவிடவில்லை. போய்க் கேட்டார். ஐந்து பேர் அந்தத் தண்ணீரையே விரும்பி வரவழைத்தவர்கள். மூவர் அந்தக் குழாய் அருகே பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகள்!

இறந்தவரை மட்டுமல்ல, இறவாதவரையும் தேடிப்போனார். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர், இறந்தவர் ஐவரே. ஏன்? அங்கே தனிக் கிணறு இருந்தது. பீர் வடிக்கும் ஆலையில் வேலை செய்தவர் எழுபது பேருக்கு மேல். ஒருவரும் காலராவால் சாகவில்லை. அவர்கள் குடித்தது ஆலை தந்த பீர். தெருக் குழாய்த் தண்ணீரை நாடவில்லை. அதே தெருவில் துப்பாக்கிக் கேப்பு செய்யும் தொழிற்சாலை ஒன்று. இருநூறு பேர் அளவில் வேலை செய்த அங்கே, அந்தக் குழாய்த் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பிக் குடிக்க வைத்தனர். பதினெட்டுத் தொழிலாளர் மாண்டனர்!

செப்டம்பர் 8ஆம் நாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதன் பிறகே ஸ்நோ, தெருப்படத்தில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கறுப்புக் கோடு போட்டு உலகுக்குக் காட்டினார். முதலில் விசாரணை, பிறகு படம்! இன்னொன்றும் கவனியுங்கள். கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றது என்று அவர் மார்தட்டிக்கொள்ளவில்லை. மக்கள் ஊரைவிட்டு ஓடியதால் நோய் முன்னரே தணிந்து வந்தது, ஆகவே உறுதியாகக் கூற முடியாது என்று அவரே எழுதிவைத்தார். தமக்குச் சாதகமான கணக்கையும் தட்டிப் பார்ப்பவனே ஆராய்ச்சியாளன்.

1855இல் அரசாங்கத்தின் சுகாதாரக் குழு அவர் கருத்தை ஏற்கவில்லை. 1858இல் ஸ்நோ மறைந்தார். ஆனால் ஃபார்? கருத்தில் மாறுபட்டபோதும் ஸ்நோவுக்குக் கணக்குகளைக் கொடுத்து உதவியவர் அவர். 1866இல் கிழக்கு இலண்டனில் மீண்டும் காலரா பரவியபோது, ஒரு தண்ணீர்க் கம்பெனியின் எல்லைக்குள் சாவு குவிவதைக் கண்டு, தண்ணீரே காரணம் என்று அவரே நிலைநாட்டினார். 1884இல் ராபர்ட் கோக், கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்தார்.

இனி நமது காலத்துக்கு வருவோம். ஒரு கூலிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நாட்கூலி 500 ரூபாய் 520 ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்வு நூற்றுக்கு 4. படம் வரைபவர், அடிக்கோட்டை 0வில் தொடங்காமல் 490இல் தொடங்குகிறார். முதல் கட்டத்தின் உயரம் 10. இரண்டாவதன் உயரம் 30. கண்ணுக்கு மூன்று மடங்காகத் தெரிகிறது! பொய் எண் ஒன்றுகூட இல்லை; ஆனாலும் ஏமாற்றம். அதே காலத்தில் அரிசி விலை எவ்வளவு ஏறிற்று என்ற கோடு அந்தப் படத்தில் இல்லாவிட்டாலோ, ஏமாற்றம் இரட்டிப்பு!

ஆகவே, எவர் படம் காட்டினாலும், அவர் எதிர் முகாமினராயினும் நம் முகாமினராயினும், கேளுங்கள்: யாரை எண்ணினீர், யாரை விட்டீர்? எத்தனை பேரில் இத்தனை? கோடு எந்த எண்ணில் தொடங்குகிறது? வேறொரு காரணமும் இதற்குப் பொருந்தாதா? ஒத்துவராத கணக்கு எங்கே?

இந்தக் கேள்விகளைச் சங்கத்திலே, படிப்பகத்திலே பழகிக்கொள்ள வேண்டுகிறோம். நமக்குப் பிடித்த கணக்கின் மீதே முதலில் இவற்றை வீசிப் பாருங்கள். தாங்கி நின்றால், அதை எந்த மேடையிலும் துணிந்து கூறலாம். தாங்காவிட்டால், பிறர் அதைக் கிழிப்பதற்கு முன் நாமே கிழித்துப் போடுவோம்!