மணிக்கு 4 பென்ஸ் கூலிக்கு லண்டனை வரைந்தவர்

ஒரே கோபுரத்தின் உச்சியில் இருந்து பார்த்த காட்சி. ஆனால் படங்கள் இரண்டு. ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கு என்றே வரையப்பட்டவை.

மேலே உள்ள படத்தில் தேம்ஸ் நதி ஓடுகிறது. அக்கரையில் வீடுகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வீடுகளுக்கு நடுவே மாதா கோவில் கோபுரங்கள். எல்லாவற்றையும் விட உயரமாக, மலை போல, செயின்ட் பால் பேராலயம்.

கீழே உள்ள படத்திலும் அதே நதி, அதே கரைதான். வீடுகளைத்தான் காணோம்! கூரை போன சுவர்கள் பல் விழுந்த வாய் போல நிற்கின்றன. பேராலயம் வெறும் கூடாகத் தெரிகிறது.

முதல் படம் தீக்கு முந்திய லண்டன். இரண்டாவது படம் தீக்குப் பிந்திய லண்டன். இரண்டுமே 1666-ம் ஆண்டில் வெளிவந்தவை. வரைந்தவர் வென்சஸ்லாஸ் ஹாலர். அவர் ஆங்கிலேயர் அல்ல. பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்.

போட்டோ எடுக்கும் முறை உலகத்துக்கு வர அப்போது இன்னும் சுமார் 170 ஆண்டுகள் இருந்தன. எரிந்துபோன பழைய லண்டன் எப்படி இருந்தது என்று இன்று யாராவது கேட்டால், பெரும்பாலும் இந்த ஒரு மனிதர் வரைந்த படங்களைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஊரை விட்டு வந்தவர்

ஹாலர் 1607-ல் பிராக் நகரில் பிறந்தார். இன்று செக் நாட்டின் தலைநகராக இருக்கும் அந்த ஊர், அன்று பொஹீமியா நாட்டின் தலைநகர். தந்தை அரசாங்க ஆவண அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர். மகனும் சட்டம் படித்து நல்ல உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ படம் வரைவதில்தான் நாட்டம்.

1618-ல் பிராக் நகரில் மூண்ட சண்டை, முப்பது ஆண்டுப் போராக ஐரோப்பா முழுவதும் பரவியது. 1627-ல் ஹாலர் ஊரை விட்டுக் கிளம்பினார். ஜெர்மனியில் ஊர் ஊராகப் போய் வேலை செய்தார். பிராங்க்பர்ட்டில் மெரியன் என்ற புகழ்பெற்ற செதுக்கு ஓவியரிடம் தொழில் பழகினார்.

1636-ல் கொலோன் நகரில் அவருக்கு ஒரு திருப்பம் ஏற்பட்டது. இங்கிலாந்து மன்னரின் தூதராக அந்த வழியே வந்த அரண்டல் பிரபு, ஹாலரின் கைவேலையைப் பார்த்தார். சிலைகளும் ஓவியங்களும் வாங்கிக் குவிப்பதில் பெயர் பெற்றவர் அந்தப் பிரபு. ஹாலரைத் தன்னோடு லண்டனுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

சென்னையில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கிய 1640-ம் ஆண்டில், ஹாலர் லண்டனில்தான் இருந்தார். கோட்டையைக் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதலாளிகள் குடியிருந்த லண்டன் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளவும் இவர் படங்கள்தான் உதவுகின்றன.

எத்தனை ஆண்டுகள் இங்கிலாந்தில் வாழ்ந்தாலும் பிறந்த மண்ணை அவர் மறக்கவில்லை. பல படங்களில் தன் பெயருக்குப் பக்கத்தில் "பொஹீமியாக்காரன்" என்று பொருள்படும் லத்தீன் சொல்லையும் சேர்த்தே கையெழுத்திட்டார்.

திராவகமும் ஊசியும்

ஹாலர் செய்த தொழிலுக்கு "எட்சிங்" என்று பெயர். செப்புத் தகட்டின் மேல் மெழுகுக் கலவையை மெல்லிசாகப் பூசுவார்கள். அந்தப் பூச்சின் மேல் ஊசியால் படம் வரைவார்கள். ஊசி போன இடத்தில் மட்டும் செம்பு வெளியே தெரியும். பிறகு தகட்டின் மேல் திராவகத்தை ஊற்றினால், கோடு போட்ட இடத்தை அது அரித்துவிடும். மெழுகைத் துடைத்துவிட்டு, அரித்த பள்ளங்களில் மையைத் தேய்த்து, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் விழும்.

தகட்டில் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். ஒரு நகரத்தையே, அதன் நூற்றுக்கணக்கான ஜன்னல்களோடும் புகைபோக்கிகளோடும், தலைகீழ்க் கணக்கில் வரைவது என்றால் சும்மாவா?

ஹாலர் இப்படி ஏறத்தாழ 2,700 படங்கள் செய்தார். கட்டடங்கள் மட்டும் அல்ல. சீமாட்டிகளின் உடைகள், கைக்குளிர் போக்கும் ரோம உறைகள், சிப்பிகள், பூச்சிகள், கப்பல்கள் என்று எதையும் விடவில்லை. கிடைத்த வேலை எதுவானாலும் செய்தார்.

கூலி மணிக் கணக்கில்தான். கடைக்காரர்கள் அவருக்கு மணிக்கு 4 பென்ஸ் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் மணிக்கு 12 பென்ஸ், அதாவது 1 ஷில்லிங் வாங்கினார் என்று அவரோடு பழகிய பிரான்சிஸ் பிளேஸ் என்ற ஓவியர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் சொல்லும் இன்னொரு செய்திதான் சுவையானது. ஹாலர் எப்போதும் மேஜை மேல் ஒரு மணல் கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வாராம். இடையில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால், உடனே கடிகாரத்தைப் படுக்கப் போட்டுவிடுவார். மணல் விழுவது நின்றுவிடும். அவர்கள் போன பிறகு மறுபடி நிமிர்த்தி வைத்து வேலையைத் தொடங்குவார். பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குக் கூலி வாங்கக் கூடாது என்ற கண்டிப்பு!

தகடு முடிந்ததும் அது கடைக்காரரின் சொத்து. எத்தனை படம் அச்சிட்டு விற்றாலும் லாபம் அவருக்கே. ஹாலர் இறந்த பிறகும் அவர் தகடுகளில் இருந்து படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன.

பெயர் மாறிய நாடகக் கொட்டகை

1642-ல் இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. அரண்டல் பிரபு வெளிநாடு போய்விட்டார். ஆதரவு இழந்த ஹாலர் 1644-ல் மனைவி மக்களோடு ஆன்ட்வெர்ப் நகருக்குப் போனார்.

லண்டனில் இருந்தபோது, தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள செயின்ட் சேவியர் கோவிலின் கோபுரத்தில் இருந்து பார்த்த காட்சிகளைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு, ஆன்ட்வெர்ப்பில் உட்கார்ந்து "லண்டனின் நீண்ட காட்சி" என்ற பெரிய படத்தைச் செய்தார். 1647-ல் அது வெளிவந்தது. நதியின் வளைவு, அதன் மேல் வரிசையாக வீடுகளைச் சுமந்து நிற்கும் லண்டன் பாலம், படகுகள், கோபுரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

அதில் ஒரு தவறும் இருக்கிறது. தென்கரையில் வட்டமான 2 கட்டடங்கள். ஒன்று ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் கொட்டகை. மற்றொன்று கரடியை நாய்களோடு சண்டைக்கு விடும் கொட்டகை. பெயர்களை எழுதும்போது இரண்டும் இடம் மாறிவிட்டன. கரடிக் கொட்டகைக்குக் குளோப் என்ற பெயர்!

வேறு நாட்டில் இருந்துகொண்டு வேலை செய்ததால் வந்த வினை. பெயர்தான் மாறியதே தவிர, கட்டடம் மாறவில்லை. ஹாலரின் பென்சில் படம் அவ்வளவு துல்லியமானது என்பதால், குளோப் எவ்வளவு அகலமாக இருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்தே கணக்குப் போட்டார்கள். 1989-ல் பழைய குளோப்பின் அஸ்திவாரத்தில் ஒரு சிறு பகுதி தோண்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. 1997-ல் அதே தென்கரையில் புதிய குளோப் அரங்கு திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர்கள் நம்பிய சான்றுகளில் ஹாலரின் படமும் ஒன்று.

குதிரை கட்டிய கோவில்

1652-ல் ஹாலர் லண்டனுக்குத் திரும்பினார். அப்போது மன்னர் இல்லை. 3 ஆண்டுகளுக்கு முன்பே முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிவிட்டார்கள்.

செயின்ட் பால் பேராலயத்தின் நிலைமை பரிதாபமாக இருந்தது. சுமார் 585 அடி நீளம் உள்ள கட்டடம் அது. ஒரு காலத்தில் 450 அடிக்கும் மேல் உயர்ந்த ஊசிக் கோபுரம் அதற்கு இருந்தது. 1561-ல் இடி விழுந்து எரிந்துபோனது. பிறகு யாரும் அதைக் கட்டவில்லை. உள்நாட்டுப் போரில் வென்றவர்கள் பேராலயத்துக்குள் குதிரைகளைக் கட்டினார்கள். இனிகோ ஜோன்ஸ் என்ற சிற்பி சில ஆண்டுகளுக்கு முன்புதான் கட்டிக் கொடுத்த அழகான முகப்பு மண்டபத்தில், தையல்காரிகளுக்கும் மற்ற வியாபாரிகளுக்கும் கடை போட்டுக் கொடுத்தார்கள்.

வில்லியம் டக்டேல் என்ற அறிஞர் இதைப் பார்த்துக் கவலைப்பட்டார். கட்டடம் அதிக நாள் நிற்காது என்று அவருக்குத் தோன்றியது. இடிவதற்குள் எல்லாவற்றையும் எழுதி, வரைந்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். எழுதுவது அவர் பொறுப்பு. வரைவது ஹாலரின் பொறுப்பு.

செலவுக்குப் பணம்? அதற்கும் டக்டேல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பணக்காரரைப் பிடித்தார். பணம் கொடுத்தவரின் பெயரும் குலச் சின்னமும் அந்தப் படத்திலேயே பொறிக்கப்பட்டன. கோவில் குழல் விளக்கில் உபயதாரர் பெயர் எழுதுகிறோமே, அது போலத்தான்!

1658-ல் நூல் வெளிவந்தது. பேராலயத்தின் நான்கு புறமும், உட்புறத்தின் நீண்ட தூண் வரிசையும், கல்லறைகளும் அதில் இருந்தன. எரிந்துபோன ஊசிக் கோபுரத்தோடு சேர்த்தும் ஒரு படம் வரைந்திருந்தார் ஹாலர். அது அவர் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோனது அல்லவா? அதனால் "முன்பு இருந்தபடி" என்று படத்திலேயே எழுதிவிட்டார். கண்ணால் பார்த்தது எது, பார்க்காதது எது என்பதை மறைக்கவில்லை.

நான்கே நாள்

டக்டேல் பயந்தது வேறு. நடந்தது வேறு.

1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. புட்டிங் சந்தில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் தீப்பிடித்தது. கிழக்குக் காற்று பலமாக வீசியது. மரவீடுகள் மளமளவென்று பற்றிக்கொண்டன. நான்கு நாள் எரிந்த தீயில் 13,200 வீடுகளும் 87 கோவில்களும் அழிந்தன.

செவ்வாய்க்கிழமை மாலை செயின்ட் பால் பேராலயத்தைத் தீ எட்டியது. பழுது பார்ப்பதற்காகக் கட்டியிருந்த மரச் சாரம் முதலில் பற்றியது. கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடுகள் உருகித் தெருவில் ஆறாக ஓடின. கல் கட்டடம் எரியாது என்று நம்பிய புத்தக வியாபாரிகள், பேராலயத்தின் அடியில் இருந்த நிலவறையில் தங்கள் சரக்கை எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவும் சாம்பல்.

ஹாலர் மறுபடியும் தென்கரைக் கோபுரக் காட்சியை வரைந்தார். தீ நதியைத் தாண்டாததால் அந்தக் கோபுரம் தப்பியிருந்தது. அப்போது பிறந்தவைதான் தொடக்கத்தில் சொன்ன 2 படங்கள். நகரத்தின் வரைபடம் ஒன்றையும் செய்தார். எரியாத பகுதிகளில் வீடு வீடாக வரைந்துவிட்டு, எரிந்த பகுதியை வெறும் வெள்ளைத் தாளாக விட்டுவிட்டார். லண்டனின் நடுவயிற்றில் ஒரு வெள்ளை ஓட்டை! ஆயிரம் வார்த்தை எழுதினாலும் அந்த வெள்ளை சொல்வதைச் சொல்ல முடியாது.

செயின்ட் பால் இருந்த இடத்தில் கிறிஸ்டபர் ரென் புதிய பேராலயத்தை எழுப்பினார். பெரிய கவிகை மாடத்தோடு இன்று நிற்பது அதுதான். பழைய கோவிலில் இருந்து முழுசாகத் தப்பிய சிலை, கவிஞரும் பாதிரியாருமான ஜான் டன் என்பவருடையது. பிரேதத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு தாழியின் மேல் நிற்கும் சிலை. தாழியில் தீப்பட்ட கறை இன்றும் இருக்கிறது. டக்டேலின் நூலில் ஹாலர் இதையும் வரைந்திருக்கிறார். அவர் படங்களை எவ்வளவு நம்பலாம் என்று சந்தேகப்படுகிறவர்கள், படத்தையும் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டில் மட்டும்

தீக்கு முந்திய ஆண்டு லண்டனைக் கொள்ளைநோய் தாக்கியது. நன்றாகப் படம் வரையக் கற்றிருந்த ஹாலரின் மகன் அதில் இறந்துபோனான். 1666-ல் அரசாங்க ஓவியர் என்ற பட்டம் ஹாலருக்குக் கிடைத்தது. பட்டத்தால் வயிறு நிறையவில்லை. 60 வயதைத் தாண்டிய பிறகு, ஆப்பிரிக்காவின் டாஞ்சியர் துறைமுகத்தில் இருந்த ஆங்கிலேயர் கோட்டைகளை வரையக் கப்பலேறிப் போய் வந்தார்.

1677 மார்ச் 25-ந் தேதி லண்டனில் காலமானார். சாகும் தறுவாயில் கடனுக்காகச் சாமான்களை ஜப்தி செய்ய ஆட்கள் வந்தார்கள் என்றும், "உயிர் போகும் வரை இந்தக் கட்டிலை மட்டும் விட்டு வையுங்கள்" என்று அவர் கேட்டுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள செயின்ட் மார்கரெட் கோவிலில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இன்று அவர் படங்கள் விண்ட்சர் அரண்மனையிலும், பிரிட்டிஷ் மியூசியத்திலும், கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்திலும், அவர் பிறந்த பிராக் நகரிலும் பத்திரமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

அவருடைய பெரிய ஆசை ஒன்று நிறைவேறாமலே போயிற்று. தீக்குச் சில ஆண்டுகளுக்கு முன், 10 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள லண்டன் படம் ஒன்றைச் செய்யத் திட்டமிட்டார். பறவை வானத்தில் இருந்து பார்ப்பது போல, ஒவ்வொரு தெருவையும் ஒவ்வொரு வீட்டையும் காட்டும் படம். அதற்காகச் சந்தா சேர்க்கவும் முயன்றார். அந்தப் படத்தில் இன்று கிடைப்பது ஒரே ஒரு தாள்தான். கோவன்ட் கார்டன், ஸ்ட்ராண்ட் பகுதிகளைக் காட்டும் தாள் அது. வீட்டுக் கூரைகள், தோட்டங்கள், மரங்கள் எல்லாம் அதில் தெளிவாகத் தெரிகின்றன. 1666-ல் தீ எட்டாத பகுதி அது.