குதிரையின் முதுகில் எத்தனை கிலோ ஏற்றலாம்?: 20 சதவீதக் கணக்கும் 1965-ஆம் ஆண்டு விதிகளும் கூறுவது என்ன?

திருப்பதி: திருமலை ஏழுமலையான் கோயிலில் ஆண்டுதோறும் நடைபெறும் பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் இரவு, மலையப்ப சுவாமி குதிரை வாகனத்தில் கல்கி அவதாரக் கோலத்தில் மாட வீதிகளில் வலம் வருவார். சுவாமியைச் சுமக்கும் அந்த வாகனத்தைத் தோளில் தாங்குபவர்கள் மனிதர்கள். அலங்கரிக்கப்பட்ட உயிருள்ள குதிரைகள் ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்து செல்லும்.

1944-ஆம் ஆண்டு முதல் மலைப்பாதை திறக்கப்படும் வரை, திருமலைக்குச் செல்ல விரும்பியோர் நடந்து ஏறினர். இயலாதவர்கள் டோலியில் அமர்ந்து சென்றனர். இன்று திருமலைக்குப் பேருந்து வசதி உள்ளது. ஆனால் கேதார்நாத் போன்ற வடநாட்டுத் தலங்களுக்குச் செல்லும் பக்தர்களில் பலர் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏறி மலைப்பாதையைக் கடக்கின்றனர். உதகை, கொடைக்கானல் போன்ற சுற்றுலாத் தலங்களிலும் சென்னை மெரினா கடற்கரையிலும் குதிரைச் சவாரி வழக்கமான காட்சியாக உள்ளது.

அவ்வாறு ஏறி அமரும்போது, "இந்தக் குதிரையால் என்னைச் சுமக்க முடியுமா?" என்ற கேள்வியைப் பலரும் எழுப்புவதில்லை. அறிவியலும் சட்டமும் இதற்கு அளிக்கும் விடைகளை இத்தொகுப்பில் காணலாம்.

முதுகெலும்பு என்னும் பாலம்

குதிரையின் உடலமைப்பு முதுகில் பாரம் சுமப்பதற்கென்று உருவானதன்று. அதன் முதுகெலும்பு, முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே கட்டப்பட்ட பாலத்தைப் போன்றது. பாலத்தின் நடுவில் பாரம் ஏறும்போது அது கீழ்நோக்கி வளைய முற்படும். அந்த வளைவைத் தடுத்து நிறுத்துபவை முதுகு மற்றும் வயிற்றுப் பகுதித் தசைகள்.

மனிதர்களுக்கு உள்ளதைப் போன்ற காறை எலும்பு குதிரைக்கு இல்லை. அதனால் முன்கால்கள் உடலுடன் எலும்பால் பிணைக்கப்படாமல், தசைகளாலும் தசைநார்களாலும் மட்டுமே இணைந்துள்ளன. நிற்கும்போதே உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன. சவாரி செய்பவரின் எடையிலும் பெரும் பங்கு முன்கால்களுக்கே செல்கிறது.

ஓட்டத்தின்போது இந்தப் பாரம் மேலும் கூடுகிறது. குதிரை மெதுவாக நடக்கையில் அதன் முதுகில் விழும் விசை ஏறத்தாழ சவாரியாளரின் எடைக்குச் சமமாக இருக்கும். அது சீரான ஓட்டத்துக்கு மாறும்போது, ஒவ்வோர் அடியிலும் உச்ச விசை எடையைப் போல இரு மடங்கை எட்டுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடும் குதிரையின் முதுகில் 140 கிலோவுக்கு இணையான அழுத்தத்தை நொடிதோறும் ஏற்படுத்துகிறார் என்பதே இதன் பொருள்.

20 சதவீதக் கணக்கு வந்தது எப்படி?

சேணம் உள்ளிட்ட மொத்தச் சுமை, குதிரையின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுவதும் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். அமெரிக்கக் குதிரைப்படை 1920-ஆம் ஆண்டு வெளியிட்ட பராமரிப்புக் கையேட்டிலேயே இந்தக் கணக்கு இடம்பெற்றிருந்தது. அது ஆய்வகச் சோதனையின் முடிவன்று. நெடுந்தூரம் பயணம் செய்த படையினரின் அனுபவத்தில் பிறந்தது.

இந்தக் கணக்கை அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் சோதித்தனர். எட்டுக் குதிரைகள் மீது உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமைகளை மாற்றி மாற்றி ஏற்றிப் பயிற்சி அளித்தனர். 15, 20 சதவீதச் சுமைகளுடன் ஒப்பிடுகையில், 25 சதவீதத்தைத் தொட்டபோது இதயத் துடிப்பு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. 30 சதவீதத்தில் தசைவலியும் இறுக்கமும் தெளிவாகத் தெரிந்தன. படையினரின் பழைய கணக்கு ஏறத்தாழச் சரியானதே என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர்.

அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. இடுப்புப் பகுதி அகலமாகவும், முன்காலின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு தடிமனாகவும் அமைந்த குதிரைகளுக்குத் தசைவலி குறைவாக இருந்தது. ஒரே எடையுள்ள இரு குதிரைகளின் சுமக்கும் திறன் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

பிரிட்டன் ஆய்வு தந்த எச்சரிக்கை

பிரிட்டனில் குதிரை எலும்பியல் நிபுணர் சூ டைசன் தலைமையிலான குழு நடத்திய முன்னோட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆறு குதிரைகள் மீது, திறமையில் ஏறத்தாழ நிகரான, ஆனால் எடையில் வேறுபட்ட நான்கு பேர் சவாரி செய்தனர். அவர்களில் மிக இலகுவானவரின் எடை சுமார் 61 கிலோ. மிகவும் கனமானவரின் எடை சுமார் 142 கிலோ.

எடை மிகுந்த இருவரும் மேற்கொண்ட சவாரிகள் அனைத்தும் பாதியிலேயே நிறுத்தப்பட்டன. பெரும்பாலானவற்றில் குதிரைகளுக்குத் தற்காலிக நொண்டல் தென்பட்டதே காரணம். அவ்விருவரில் ஒருவரின் எடை, குதிரைகளின் எடையில் 15 முதல் 18 சதவீதம் வரை மட்டுமே இருந்தது. அதாவது, 20 சதவீத எல்லைக்குள் இருந்தும் சிக்கல் எழுந்தது.

சவாரியாளரின் உடல்வாகுக்குச் சேணம் பொருந்தாதது இதற்கு ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது. உயரமும் எடையும் மிகுந்தவர் சிறிய சேணத்தில் அமரும்போது, அவரது எடை சேணத்தின் பின்விளிம்பில் குவிந்து, முதுகின் ஒரே இடத்தை அழுத்துகிறது. ஆய்வில் பங்கேற்ற குதிரைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. எனினும், 20 சதவீதம் என்பது உச்ச வரம்பே தவிர, எல்லாச் சூழலிலும் பாதுகாப்பை உறுதி செய்யும் எண்ணன்று என்பதை இது நினைவூட்டுகிறது.

மறுபுறம், ஜப்பானின் தைஷூ இன மட்டக்குதிரைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், உடல் எடையில் 43 சதவீதம் வரை ஏற்றினாலும் அவற்றின் நடைச் சீர் குலையவில்லை என்று தெரியவந்தது. குட்டையான கால்களும் திரண்ட உடலும் கொண்ட மலைநாட்டு இனங்கள் தம் உருவத்துக்கு மிஞ்சிய வலிமை உடையவை. ஆயினும் நடை குலையாமல் இருப்பதும், நாள் முழுவதும் வலியின்றிச் சுமப்பதும் ஒன்றல்ல.

அளவு நாடா கொண்டு அறியலாம்

குதிரையின் எடையை அறிய எடைமேடை கட்டாயமில்லை. முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். வந்த விடையை, தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரையிலான உடல் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுக்க வேண்டும். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால், விடை கிலோவில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, மார்புச் சுற்றளவு 175 சென்டிமீட்டரும் நீளம் 160 சென்டிமீட்டரும் உள்ள குதிரையின் எடை சுமார் 412 கிலோ. அதில் 20 சதவீதம் 82 கிலோ. சேணத்துக்கு 8 கிலோ கழித்தால், 74 கிலோ வரை எடையுள்ளவர் ஏறலாம்.

சுற்றுலாத் தலங்களில் காணப்படும் சிறிய மட்டக்குதிரையின் கணக்கு வேறு. மார்புச் சுற்றளவு 140 சென்டிமீட்டர், நீளம் 125 சென்டிமீட்டர் எனில், அதன் எடை சுமார் 206 கிலோ மட்டுமே. 20 சதவீதம் என்பது 41 கிலோ. 6 கிலோ சேணத்தைக் கழித்தால் எஞ்சுவது 35 கிலோ. அதாவது, அந்த மட்டக்குதிரை பள்ளிச் சிறுவனைச் சுமக்கலாம். அவனுடைய தந்தையைச் சுமப்பது கடினம்.

உடல் பருத்த குதிரைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. அதிகப்படியான கொழுப்பும் குதிரைக்கு ஒரு சுமையே என்பதால், அது இருக்க வேண்டிய இயல்பான எடையிலிருந்தே 20 சதவீதத்தைக் கணக்கிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆவது பிரிவு, விலங்கின் மீது அளவுக்கு மீறிச் சவாரி செய்வதையும் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதையும் குற்றமாக வரையறுக்கிறது. ஆனால் முதல் முறை குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை மட்டுமே. அறுபது ஆண்டுகளுக்கு முன் நிர்ணயிக்கப்பட்ட இந்தத் தொகை, ஒரு முறை சவாரி செய்யச் செலுத்தும் கட்டணத்தைவிடக் குறைவு.

இச்சட்டத்தின் கீழ் 1965-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இழுவை மற்றும் பொதி விலங்குகள் விதிகள், முதுகில் ஏற்றக்கூடிய அதிகபட்சச் சுமையைப் பட்டியலிடுகின்றன. அதன்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ, கழுதைக்கு 50 கிலோ, ஒட்டகத்துக்கு 250 கிலோ என வரம்பு விதிக்கப்பட்டுள்ளது.

இங்குதான் சட்டத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான இடைவெளி தெரிகிறது. மேலே கண்ட 206 கிலோ மட்டக்குதிரைக்கு 70 கிலோ என்பது அதன் எடையில் 34 சதவீதம். சட்டப்படி அது அனுமதிக்கப்பட்ட சுமை. ஓஹியோ ஆய்வின்படியோ தசைவலியை உண்டாக்கும் சுமை. விலங்கின் எடையைப் பொருட்படுத்தாமல் ஒரே எண்ணை எல்லா மட்டக்குதிரைகளுக்கும் விதித்ததே இதற்குக் காரணம்.

அதே விதிகள் பணி நேரத்தையும் கட்டுப்படுத்துகின்றன. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் விலங்கைப் பயன்படுத்தக் கூடாது. வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில், நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை பணியில் ஈடுபடுத்தக் கூடாது. கோடையில் 40 டிகிரியைக் கடக்கும் திருப்பதி, சித்தூர் பகுதிகளுக்கு இந்த விதி மிகவும் பொருந்தும். முள் பதித்த கடிவாளமும் தடை செய்யப்பட்டுள்ளது.

மலைப்பாதையில் கூடும் சுமை

ஆய்வுகளில் பெரும்பாலானவை சமதளத்தில், குறைந்த நேரமே நடத்தப்பட்டவை. கேதார்நாத் செல்லும் விலங்குகளோ கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரம் ஏறி, கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தை அடைகின்றன. ஏற்றத்தில் இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்கின்றன. இறக்கத்தில் முன்கால் மூட்டுகள் அந்தப் பாரத்தை ஏற்கின்றன. உயரம் கூடக்கூட, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது.

2025-ஆம் ஆண்டு மே மாதம் கேதார்நாத் பாதையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அடுத்தடுத்து இறந்ததைத் தொடர்ந்து, குதிரைக் காய்ச்சல் அச்சத்தால் அவற்றின் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. நோயுற்ற விலங்குக்கு வழக்கமான சுமையும் ஆபத்தாக முடியும் என்பதால், பணிக்கு முன்பான உடல் பரிசோதனை சுமை வரம்புக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது.

விலங்கு மட்டுமல்ல, அதை நம்பி வாழும் குடும்பங்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். கனமான பயணியைத் திருப்பி அனுப்பினால், அன்றைய வருமானம் குறையும். ஏற்றினால், குதிரை நொண்டி, பல வாரங்கள் வருமானமே இல்லாமல் போகலாம். எனவே வரம்பைக் கடைப்பிடிப்பது உரிமையாளரின் நலனுக்கும் உகந்தது.

ஏறுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

குதிரையால் வலியைச் சொல்ல இயலாது. ஆனால் காட்ட இயலும். சேணம் பூட்டும்போது காதுகளைப் பின்னால் மடக்குதல், கடிக்க முற்படுதல், வாலை ஓயாமல் வீசுதல், முதுகைக் கீழே தாழ்த்துதல், அடிக்கடி இடறுதல், நடக்க மறுத்தல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். பிடரி முடியும் இடத்திலோ சேணத்தின் அடியிலோ புண் இருந்தால், அந்தக் குதிரையில் எவரும் ஏறக் கூடாது.

ஓய்வில் உள்ள வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். சவாரி முடிந்து நீண்ட நேரம் ஓய்வளித்த பிறகும் துடிப்பு தணியாவிட்டால், சுமையோ தூரமோ அதிகம் என்பது பொருள். குதிரையின் முதுகெலும்பு முழு வளர்ச்சி பெற ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் ஆகும் என்பதால், இளம் குதிரைகள் மீது பெரியவர்கள் ஏறுவதையும் தவிர்க்க வேண்டும்.

பயணிகள் தம் எடையை மறைக்காமல் தெரிவிப்பதும், பைகளைக் குதிரை மீது ஏற்றாமல் இருப்பதும், ஒரே குதிரையில் குழந்தையுடன் சேர்ந்து அமர்வதைத் தவிர்ப்பதும் நல்லது. செங்குத்தான இறக்கத்தில் இயன்றவரை இறங்கி நடப்பதும் விலங்குக்குப் பேருதவியாக அமையும்.

இத்தகைய ஐயங்கள் எழும்போது அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அணுகலாம். திருப்பதியில் 1955-ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் கால்நடை மருத்துவக் கல்லூரி, தற்போது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது. குதிரையினங்களுக்கென்றே ஹரியானா மாநிலம் ஹிசாரில் தேசிய ஆராய்ச்சி மையம் செயல்படுகிறது.